கண்ணாடி எடுக்கமுன் கண்ணைக் காட்டுங்கள்

கோடை விடுமுறை முடிந்தால் போதும், ஊருக்குப் போய்க் கண்ணாடி எடுத்தவர்கள் தலையிடியோடு என்னிடம் வரத் தொடங்குவார்கள். "மலிவா எடுத்தனான் டொக்டர், ஆனால் படி இறங்கேக்க கால் தடுமாறுது" என்பார்கள். விசாரித்தால், கடையில் இயந்திரத்துக்குள் ஒரு நிமிடம் பார்க்கவைத்து, அச்சாகி வந்த துண்டையே பவராக எழுதியிருப்பார்கள். ரொறன்ரோவிலேயே இருப்பவர்களும் பழைய பவரை இணையத்தில் கொடுத்துக் கண்ணாடி வாங்கிவிட்டு அவதிப்படுகிறார்கள். கடை இயந்திரம் தருவது தொடக்கக் கணக்கு மட்டுமே.

யாரிடம் போவது?

கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதுபவர் ஒப்ரோமெற்றிஸ்ற். அதன்படி கண்ணாடி செய்து பொருத்துபவர் ஒப்ரிசியன். சத்திரசிகிச்சையும் சிக்கலான கண் நோய்களும் கண் வைத்திய நிபுணருக்குரியவை. ஒப்ரோமெற்றிஸ்ற் பதிவு பெற்றவரா என்பதை இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் ஒன்ராறியோ ஒப்ரோமெற்றிஸ்ற் கல்லூரியின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம்.

நல்ல ஒப்ரோமெற்றிஸ்ற் உங்கள் வேலை என்ன, கணினி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பார். வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து "இதுவா, அதுவா தெளிவு?" என்று பொறுமையாகக் கேட்பார். கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்ப்பார். பவர் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொண்டு கண்ணாடியை எங்கும் எடுக்கலாம்.

நம்பக்கூடாத கதைகள்

"கண்ணாடி போட்டால் பிள்ளையின் கண் இன்னும் பழுதாகும்." இல்லவே இல்லை. பவரைக் குறைத்துக் கொடுத்தால் கிட்டப்பார்வை அதிகரிக்காது என்பதும் தவறு. 2002இல் வெளியான மலேசிய ஆய்வில், குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கே அது வேகமாகக் கூடியது. ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கும் பிள்ளை அதைச் சொல்லாது. மற்றக் கண்ணால் சமாளிக்கும். கண்ணாடி போடாமல் காலம் தாழ்த்தினால் மங்கிய கண் சோம்பிவிடும், பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராமல் போகலாம்.

"டொலர் கடைக் கண்ணாடி போதும்." அதில் இரு பக்கமும் ஒரே பவர். உங்கள் கண்கள் இரண்டும் அப்படியா? அதைப் போட்டு எழுத்து தெரிந்துவிட்டால் பரிசோதனைக்கே போகமாட்டீர்கள்; பார்வை நரம்பைச் சிதைக்கும் குளோக்கோமா சத்தமில்லாமல் வளரும்.

"பவர் அடிக்கடி மாறுது, டொக்டர் சரியில்லை." முதலில் சீனியைப் பாருங்கள். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் மாறும். சீனி சில வாரங்கள் ஒரே நிலையில் நின்றபிறகு கண்ணைச் சோதியுங்கள்.

"கண்ணுக்குத் தாய்ப்பால், தேன், ஊர்ச் சொட்டு மருந்து விட்டால் சுகம் வரும்." தயவுசெய்து வேண்டாம். தாய்ப்பாலும் தேனும் கிருமியைக் கொண்டுபோகும். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுகம் வந்த மருந்து உங்கள் கண்ணுக்கு நஞ்சாகலாம்.

காசு தடையா?

20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனைச் செலவை ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஏற்கிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பொதுவாக 18 மாதத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட வயதில் நீரிழிவு போன்ற குறிப்பிட்ட நோய்கள் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. மற்றவர்கள் வேலையிடத்துக் காப்புறுதியைக் கேட்டுப் பாருங்கள்.

அம்மா அப்பாவை, பள்ளிக்குப் போகும் பிள்ளையை இந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள். மொழி தெரியாத பெற்றோருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். குளோக்கோமாவால் இழந்த பார்வையை எந்தக் கண்ணாடியாலும் திருப்பித் தரமுடியாது.