சித்தம்பூண்டிப் பிளாட்டினம்

நாமக்கல் ஜில்லாவிலுள்ள சித்தம்பூண்டியின் பெயர் சந்திரயானால் பிரசித்தி பெற்றது. கலம் இறங்கிப் பழகுவதற்கென நமது விஞ்ஞானிகள் செய்த செயற்கைச் சந்திரமண் அவ்வட்டாரத்துப் பாறையை அரைத்துச் செய்ததேயாகும். நாம் இன்று கவனிக்க விரும்புவது, அதே பாறைத் தொடரின் குரோமைட் அடுக்குகளில் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவார் கண்டறிந்துள்ள பிளாட்டின வர்க்க உலோகங்களைப் பற்றியாகும்.

பிளாட்டினம் நகைக்கு மட்டுமே உரியதென்று கருதுவோர் உளர். ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் சேர்த்துப் புகையின்றி மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்திற்கு அதுவே ஜீவநாடி. 1839-ஆம் வருஷத்தையொட்டி இக்கலத்தை அமைத்துக் காட்டிய வில்லியம் குரோவ் ஒரு வக்கீல், பின்னர் நீதிபதியுமானார். (வக்கீல்களால் உலகிற்கு யாதொரு நன்மையுமில்லை என்போர் இதைக் கவனிப்பார்களாக!) அவர் உபயோகித்தது பிளாட்டினத் தகடு. தகட்டில் மேற்பரப்பு அணுக்களே வேலை செய்யும், உள்ளிருப்பவை வீண். ஆதலால் இன்று அதை மூன்று நான்கு நானோமீட்டர் துகள்களாக்கிக் கரித்தூளின்மேல் பதிக்கிறார்கள். கோபால்ட்டோ நிக்கலோ கலந்தால், பிராணவாயுவை மிதமிஞ்சி இறுகப் பற்றும் குணம் தணிந்து வேலை துரிதமாகிறது. 2007-ல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், நிக்கல் கலவைப் படிகத்தின் ஒரு முகம் தனிப் பிளாட்டினத்தைப்போல் பத்து மடங்கு வேகம் காட்டிற்று. டொயோட்டா கம்பெனியார் 2014-ல் வெளியிட்ட மிராய் மோட்டாரில் இருந்தது கோபால்ட் கலவை. ஆனால் கலத்தின் அமிலத்தில் இத்துணை உலோகங்கள் நாளடைவில் கரைந்துவிடுகின்றன. இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதைத் தடுப்பதைப் பற்றியதே.

அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் நிலையத்தில் இத்துறையில் உழைக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். 2023-ல் மத்திய சர்க்கார் பசுமை ஹைட்ரஜன் திட்டத்திற்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினர். ஆயினும் இந்தியாவில் பிளாட்டினச் சுரங்கம் ஒன்றுமில்லை. உலகில் தோண்டி எடுக்கப்படுவதில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவினுடையது. வாங்கித்தான் தீரவேண்டும் என்பதை நாம் ஒப்புவதற்கில்லை.

லாரித் தொழிலுக்குப் பேர்போனது நாமக்கல். 2020-க்குப் பின் வந்த டீஸல் லாரிகளின் புகைக்குழாய்ச் சாதனங்களில் பிளாட்டினம் இருக்கிறது. கழிக்கப்படும் வண்டிகளிலிருந்து அதை இங்கேயே பிரித்தெடுக்கும் ஆலை, சுரங்கத்திற்கு முந்தியே அமையக்கூடியது. சேலத்திலோ நாமக்கல்லிலோ சர்க்கார் அதை முதலில் நிறுவட்டும். சித்தம்பூண்டி விவசாயிகளின் நிலத்தில் கைவைக்குமுன், டன் பாறைக்கு எத்தனை கிராம் உலோகம், எவ்வளவு ஆழம் தோண்டவேண்டும், கிணற்று நீர் என்னாகும் என்பவற்றைத் தமிழில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுத்து, கிராமசபையின் சம்மதத்தைப் பெறுக.