டர்போ சிறுகாரில் தீப்பொறி அமைப்பு: மேம்படுத்துவது எப்போது, எவ்வாறு?

திருவனந்தபுரத்திலிருந்து குமரிமுனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையருகே தமிழ்நாட்டினுள் புகுகின்றது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பெற்றபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் ஊர்தி பழுதுபார்க்கும் தொழில் எல்லை அறியாதது. கே.எல். 19, கே.எல். 20 என்னும் எண்பலகை தாங்கிய கார்களும், டி.என். 75 என்னும் மார்த்தாண்டத்து எண்பலகை தாங்கியனவும் ஒரே பட்டறையில் அருகருகே நிற்பதுண்டு. தீப்பொறிச் செருகியை இருபுறத்தாரும் ‘பிளக்’ என்றே வழங்குவர்.

இச்சாலைகளில் ஓடும் சிறு கார்களுள் சில, டர்போ எனப்படும் சுழலி பொருத்திய பெட்ரோல் எஞ்சின் உடையவை. 2013 இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2017 இல் வந்த நெக்ஸான், பலேனோ ஆர்.எஸ்., 2023 இல் வந்த ஃபிராங்க்ஸ் முதலியன இவ்வகையின. இவற்றுள் பலவற்றின் எஞ்சின் மூன்றே உருளைகளைக் கொண்டது. கொள்ளளவோ 1,000 அல்லது 1,200 கன சென்டிமீட்டர் அளவினது. சமதரையில் குறையின்றி ஓடும் இத்தகைய கார், வெள்ளறடை நோக்கி மேட்டில் ஏறுங்கால் விட்டுவிட்டுத் துடிப்பதும், முடுக்கியை அழுத்தியும் விசை எழாமல் தயங்குவதும் உண்டு. அப்போது ‘மேம்பட்ட’ காயில், ‘சக்தி’ பிளக் என்னும் பெயர்களில் சில பொருள்கள் உரிமையாளரிடம் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவது தகுமா என்பதை அறிய, டர்போ எஞ்சினில் தீப்பொறி ஏன் தவறுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சுழலியைச் சுற்றுகின்றது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உருளைகளுக்குள் செலுத்துகின்றது. ஆல்பிரட் பூஷி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905 இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. காற்று மிகுதியாகப் புகுவதால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். ஆனால் காற்றின் செறிவு மிகும்போது அதனூடே மின்பொறி தாவுவது கடினமாகின்றது. பிரீட்ரிக் பாஷன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1889 இல் கண்ட விதி இதனைத் தெளிவாக்கும். பொறி தாவுவதற்கு வேண்டிய மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் மின்முனைகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். டர்போ இல்லாத எஞ்சின் ஒன்றில் செருகியின் இடைவெளி 1.1 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். உருளையின் காற்றுச் செறிவை 1 எனக் குறித்தால் பெருக்கற்பலன் 1.1 ஆகும். சுழலியால் செறிவு 1.8 மடங்கானால், அதே இடைவெளிக்குப் பெருக்கற்பலன் ஏறத்தாழ 2 ஆகின்றது. அதாவது வேண்டிய மின்னழுத்தமும் இரு மடங்கை நெருங்கும். இடைவெளியை 0.7 மில்லிமீட்டராகக் குறைப்பின் பெருக்கற்பலன் 1.26 ஆக இறங்கிவிடும். டர்போ எஞ்சின்களுக்கு இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை விதிக்கப்படுவதன் காரணம் இதுவே. அளவுக்கு மீறிக் குறைப்பதும் தவறு. பொறி சிறுத்துப்போய், எஞ்சின் வெறுமனே ஓடுங்கால் கலவை சரிவரப் பற்றாது.

பட்டறைகளில் ஒரு பழைய சோதனை உண்டு. செருகியைக் கழற்றி, எஞ்சினின் உலோகத்தில் சாய்த்து வைத்து, நீலப் பொறி தெரிகின்றதா எனப் பார்ப்பர். பொறி தெரிந்தால் ‘பிளக் நன்று’ என்பர். இச்சோதனை ஏமாற்றக்கூடியது. திறந்த வெளியில் அழுத்தம் ஒரு வளிமண்டலம் மட்டுமே. 1 மில்லிமீட்டர் தாவ ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். உருளையினுள்ளோ பல மடங்கு செறிந்த காற்றில் இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் வரையும் தேவைப்படலாம். வெளியே தாவிய பொறி உள்ளே தாவாமற் போவதில் வியப்பில்லை. மேலும் இச்சோதனையால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகலாம். சோதிப்பவருக்குக் கடும் மின்னதிர்ச்சியும் நேரலாம். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர் அருகிலும் நிற்கலாகாது. பள்ளியில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியர்கள் கார்க் காயிலைத் தொடாமல், அடுப்புப் பற்றவைக்கும் பொறிக்கருவியைக் காட்டினாலே போதுமானது.

அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து எவ்வாறு பிறக்கின்றது? தூண்டு சுருளின் முதற்சுற்றில் பாயும் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தினால் காந்தப்புலம் சரிகின்றது. அதனால் ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட துணைச்சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுகின்றது. சார்லஸ் கெட்டரிங் வகுத்த இம்முறை 1912 ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. இன்று ஒவ்வொரு செருகியின் மேலும் ஒரு காயில் அமர்கின்றது. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு காயிலும் வினாடிக்கு 25 முறை பொறி தருதல் வேண்டும். இப்பகுதியின் முதிய மெக்கானிக்குகள் பலர் பேருந்தில் தொழில் கற்றவர்கள். 1938 இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய போக்குவரத்துத் துறை பேருந்துகளுக்கு டீசல் எஞ்சின்களையே தேர்ந்தது. அழுத்திய காற்றின் வெப்பத்தாலேயே எரியும் டீசலுக்குப் பொறி வேண்டுவதில்லை. ஆகவே அந்த அனுபவம் இங்கு முழுமையாகக் கைகொடாது.

காயிலை மாற்றுவதற்கு முன் அதுதான் பழுதா என அறிய எளிய வழி ஒன்று உண்டு. குறியீடு படிக்கும் கருவியைப் பொருத்தினால், பி 0301 என்பது முதல் உருளையில் பொறி தவறியதையும், பி 0302 இரண்டாவதில் தவறியதையும் காட்டும். எஞ்சினை நிறுத்தி, குளிரவிட்டு, முதல் உருளைக் காயிலை இரண்டாவதற்கு மாற்றி வைக்கவேண்டும். குறியீடும் உடன் மாறினால் குற்றம் காயிலினது. மாறாவிடின் செருகியையும், பெட்ரோல் தெளிப்பானையும் ஆராய்தல் முறை. மூன்று காயிலையும் ஒருங்கே மாற்றச் சொல்வது பெரும்பாலும் வீண்செலவே.

இனிச் செருகியைப் பற்றி. அதன் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்குக் கீழே இருப்பின் கரி படியும். 850 பாகையை வெகுவாகத் தாண்டினால் பொறி வருமுன்னரே கலவை பற்றி, பிஸ்டன் உருகவும் கூடும். வெப்பத்தை விரைவில் கடத்தும் செருகியைக் ‘குளிர்’ செருகி என்பர். சுழலியின் அழுத்தத்தை உயர்த்திய எஞ்சினுக்கு ஒரு படி குளிர்ந்ததைப் பொருத்துவது வழக்கம். இங்கே ஒரு கண்ணி உள்ளது. என்.ஜி.கே., டென்சோ நிறுவனங்களின் செருகியில் எண் உயர உயரக் குளிர்ச்சி மிகும். பாஷ் செருகியிலோ எண் உயர்ந்தால் சூடு மிகும். 1951 இல் நிறுவப்பெற்ற மைக்கோவின் பெங்களூர்த் தொழிலகத்திலிருந்து வந்த பாஷ் வகைச் செருகிகளோடு பழகியவர், எண்ணை மட்டும் பார்த்து மற்றதை வாங்கினால் நேர்மாறானதைப் பொருத்திவிடுவர்.

இரிடியம் முனை உயர்ந்ததா எனப் பலரும் வினவுவர். இரிடியம் 2,446 பாகையிலும் நிக்கல் 1,455 பாகையிலும் உருகும். எனவே இரிடியத்தை மெல்லிய ஊசிபோல் அமைக்கலாம். மெல்லிய முனையிலிருந்து பொறி எளிதில் தாவும், தேய்வும் குறைவு. உற்பத்தியாளரே இரிடியம் விதித்திருப்பின் விலை கருதி நிக்கல் போடுதல் பொருந்தாது. இடைவெளியைச் சரிசெய்யும்போது நடுமுனையை நெம்பலாகாது. அது ஒடிந்து உருளைக்குள் விழும்.

வலிய பொறியால் எஞ்சினின் ஆற்றல் பெருகும் என்பது பொய். கலவை ஒவ்வொரு முறையும் பற்றிக்கொண்டால் போதும். அதற்கு மேற்பட்ட பொறி ஆற்றலைக் கூட்டாது. கட்டுப்பாட்டு நிரலை மாற்றிச் சுழலியின் அழுத்தத்தை ஏற்றியவருக்கே வலிய காயில் பயன்படும். அவ்வாறு ஏற்றுவோர், உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து ஊர்தியை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குறைந்த வேகத்தில், உயர்ந்த கியரில், முடுக்கியை முழுதும் அழுத்தி மேடேறுவதால் விளையும் முன்பற்றுதலை எந்தச் செருகியும் தீர்க்காது. கியரைக் குறைப்பதும், உற்பத்தியாளர் விதித்த தரத்து எண்ணெயை இடுவதுமே அதற்குரிய வழி.

பொறி தவறுவதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது பெருங்கேடு. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் சென்று எரிய, அதன் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அதனை மாற்ற ஆகும் செலவு செருகிகளின் விலையைப் போல் பன்மடங்கு. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் முடுக்கியைத் தளர்த்தி, இயன்ற விரைவில் நிறுத்துதல் வேண்டும்.

நெய்யாற்றின்கரைப் பகுதி தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருங்கே பெறுவது. செருகி அமர்ந்திருக்கும் குழியில் நீர் தேங்கினால் பொறி உள்ளே தாவாமல் ரப்பர் உறையின் வழியே உலோகத்திற்கு ஒழுகும். வெண்பீங்கானில் மெல்லிய கருங்கோடுகள் அதற்கு அடையாளம். அத்தகைய உறையைத் துடைத்துப் பயனில்லை, மாற்றவேண்டும். எஞ்சினை அழுத்த நீரால் கழுவுவதும் இக்கேட்டை விளைக்கும். செருகியைக் கழற்றுமுன் குழியிலுள்ள நீரையும் மணலையும் காற்றால் ஊதி அகற்றுக. புதியதைக் கையாலேயே திருகி அமரச்செய்து, பின்னரே உற்பத்தியாளர் குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்குக.