தள்ளுபடி இறுதி முடிவல்ல: மகளிர் உரிமைத்தொகையும் மேல்முறையீட்டு உரிமையும்

கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டபோது ஏறத்தாழ 1.63 கோடிப் பெண்கள் விண்ணப்பித்திருந்தனர். சுமார் 1.06 கோடிப் பேருக்கு மாதம் 1,000 ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. ஏறத்தாழ 57 லட்சம் விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. தள்ளுபடியை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மட்டுமே. அவர்களுள் 7.35 லட்சம் பேருக்கு அவ்வாண்டு நவம்பரில் தொகை கிடைத்தது. எதிர்த்துக் கேட்ட பத்துப் பேரில் ஆறு பேருக்கு முதல் முடிவு மாற்றப்பட்டிருக்கிறது. கேளாமல் விட்ட 45 லட்சம் பேரில் தகுதியுடையோர் எத்தனை பேர் என்ற கேள்வி விசாரணைக்கே வரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். குன்னம் வட்டத்தில் லப்பைக்குடிக்காட்டைச் சுற்றியுள்ள சேரிகளில் பெரும்பாலான பெண்கள் வேளாண் கூலிகள். தள்ளுபடிச் செய்தி இவர்களுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. அந்தக் கைபேசி பல வீடுகளில் கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது. செய்தி கிடைத்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. விவரம் தெரிவதற்குள் கெடு முடிந்துவிடும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கிராம அலுவலகத்தின் வாசலில் நின்று மனுக் கொடுத்தே பழகிய மக்களுக்கு, அதிகாரி மறுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்று தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தகுதி உடையவருக்கு இத்தொகை சலுகையன்று. விதிகளுக்கு உட்பட்டே அதை மறுக்க முடியும்.

தகுதி பெரும்பாலும் அரசுத் துறைகளின் தரவுகளை ஒப்பிட்டே முடிவு செய்யப்படுகிறது. தரவில் பிழை இருந்தால் முடிவும் பிழையாகும். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பத்துக்குத் தகுதியில்லை. ஒருவருடைய ஆதார் மற்றொருவரின் மின் இணைப்போடு சேர்க்கப்பட்டிருந்தால், அந்த வீட்டின் பயன்பாடும் இவர் கணக்கில் ஏறிவிடும். நிலத்துக்கு வரம்பு, நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கர். கூட்டுப் பட்டாவின் மொத்தப் பரப்பும் ஒரே குடும்பத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு நான்கு சக்கர வாகனம் வைத்திருந்தால் தகுதியில்லை என்கிறது வழிகாட்டு நெறிமுறை. தாட்கோ கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டும் வண்டி சொந்தப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்று வாதிட இடமுண்டு. மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியம் வருவதை மட்டும் காரணம் காட்டி மருமகளின் விண்ணப்பத்தைத் தள்ள முடியாது; 2023 ஆகஸ்டில் அந்த விதி தளர்த்தப்பட்டுவிட்டது.

மேல்முறையீட்டை விசாரிப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். லப்பைக்குடிக்காட்டுப் பகுதிக்கு அவர் பெரம்பலூரில் இருக்கிறார். ஆனால் மனுவை இ-சேவை மையத்திலேயே பதிவு செய்யலாம். 30 நாட்களுக்குள் அவர் தீர்வு காண வேண்டும். பொதுவான வேண்டுகோள் பயன் தராது. குறுஞ்செய்தி சொன்ன காரணம் எதுவோ, அதற்கு நேரான மறுப்பும் அதற்கான ஆவணமும் வேண்டும்: மின் கட்டண ரசீதுகள், பட்டா நகல், வாகனத்தின் பதிவுச் சான்று. ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும்.

காரணமே சொல்லப்படாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 துணைக்கு வரும். நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பது அரசு அலுவலகத்தின் கடமை என்கிறது அதன் 4(1)(ஈ) பிரிவு. 10 ரூபாய்க் கட்டணத்துடன் 6(1) பிரிவின் கீழ் விண்ணப்பித்து, தன் கோப்பின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முதியோர், கைம்பெண் ஓய்வூதியங்கள் மறுக்கப்பட்டவர்களுக்கும் இவ்வழி பொருந்தும். மேல்முறையீடும் காரணமின்றித் தள்ளப்பட்டால், அரசமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தை அணுகலாம். வழக்குச் செலவை எண்ணிப் பின்வாங்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. அதற்கு உயர்நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவிலோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ மனுக் கொடுக்கலாம்.

மேல்முறையீடுகளில் பத்தில் ஆறு வெல்லுமானால், குறை முதல் முடிவை எடுக்கும் முறையில் இருக்கிறது. அதைத் திருத்தும் சுமையைக் கூலிப் பெண்களின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. தள்ளுபடிக்கான காரணத்தையும் மேல்முறையீட்டுக் கெடுவையும் தமிழில் எழுதிய ஆணையாக வீட்டிலேயே சேர்ப்பிக்க வேண்டும். அந்த ஆணை கைக்கு வந்த நாளிலிருந்தே கெடு கணக்கிடப்பட வேண்டும். தள்ளுபடிகளையும் மேல்முறையீட்டு முடிவுகளையும் வட்டவாரியாகவும் சமூகவாரியாகவும் அரசு வெளியிட வேண்டும். குன்னம் வட்டத்தின் எந்தச் சேரியில் எத்தனை பெண்கள் எக்காரணத்தால் விடுபட்டார்கள் என்பது தெரிந்தால்தான், தனித்தனி மனுக்களாகச் சிதறிக் கிடப்பதை ஒரு பொதுக் கோரிக்கையாக முன்வைக்க இயலும்.