சாரல் ஊரில் பழைய கணினிகள்

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே மேகம் இறங்கும். குற்றாலத்தில் அருவி விழும், தென்காசி வரைக்கும் சாரல் தூறும். ஊரே கொண்டாடும் இந்த மாதங்கள்தான், வீட்டில் பழைய கணினிகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்குச் சோதனைக் காலம்.

2011-இல் மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்தபின் மென்பொருள் எழுதுவது இந்த வட்டாரத்தில் அன்றாட வேலையாகிவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறைக் கணினிகளோ பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ, புனேயில் டெசிபெல்ஸ் நிறுவனம் தயாரித்த ஸ்பெக்ட்ரம், ஹெச்சிஎல்லின் பிஸிபீ, தட்டத் தட்டச் சத்தமிடும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு எல்லாம் நம் நாட்டில் கணினி வளர்ந்த கதைக்குச் சாட்சிகள். ஒன்று கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

கிடைத்ததும் கரண்ட் கொடுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். கூடாது. முதலில் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றுங்கள். 386, 486 காலத்து மதர்போர்டு என்றால், கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீலம் அல்லது பச்சை உறை போட்ட, விரல் பருமனான உருளை ஒன்று பெரும்பாலும் சால்டர் செய்யப்பட்டிருக்கும். கணினியை அணைத்த பிறகும் தேதியையும் நேரத்தையும் காத்துவந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி அது: 1.2 வோல்ட் செல்கள் மூன்று சேர்ந்து 3.6 வோல்ட். வயதானால் அதற்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். கடுமையான காரம். போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து, செம்புக் கோடுகளின் வழியாகவே ஊர்ந்து அவற்றைத் தின்றுவிடும். புளி போட்டு விளக்காத பித்தளைப் பானைபோல அங்கே களிம்பு பூத்திருந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஈரக்காற்று இன்னும் துரிதப்படுத்தும்.

கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை வெட்டி எடுங்கள். வினிகர் தொட்ட பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் காரம் முறியும். பிறகு காய்ச்சி வடித்த நீரிலும், கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி நன்றாக உலரவிட வேண்டும். காட்மியம் நஞ்சு என்பதால் பேட்டரியை மின்கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பிபிசி மைக்ரோவில் வேறொரு வில்லங்கம். அதன் பவர் சப்ளையில் தேன் நிற உறைக்குள் காகிதம் சுற்றிய மின்தேக்கி இருக்கும். உறையில் மயிரிழை விரிசல் விழுந்து, காகிதம் ஆண்டுக்கணக்கில் ஈரத்தைக் குடித்திருக்கும். 230 வோல்ட் பாய்ந்ததும் வெடித்து வீடெல்லாம் நாறும் புகை கிளம்பும். விவரம் தெரிந்த மெக்கானிக்கை வைத்து அதை மாற்றிய பிறகே ப்ளக்கைச் சொருகலாம்.

எங்கே வைப்பது? பரண் வேண்டாம், சித்திரை வெயிலில் தளத்தின் சூடு அப்படியே இறங்கி, டிரைவின் ரப்பர் பெல்ட் இளகிப் பிசுபிசுத்துவிடும். சாரல் அடிக்கும் மேற்குச் சுவரும் ஆகாது, ஓதம் ஊறும். வீட்டின் நடு அறையில், உட்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஓரடி உயர்ந்த இரும்பு ரேக் நல்லது. கூடவே ஒரு ஈரப்பதமானி. அளவு 40 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் கவலையில்லை. பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், பருத்தித் துணியால் மூடுங்கள். பின்பக்கம் திறந்து கிடக்கும் ஓட்டைகளை அடைக்காவிட்டால் பல்லி உள்ளே போய் முட்டையிடும்.

ஃபிளாப்பிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் பொட்டலத்தை மாற்ற வேண்டும். உறையின் திறப்பு வழியே தட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் தலைப்பகுதி அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியும் கெடும்.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண் கொடுத்து, அதன் அடாப்டர், கேபிள், ஃபிளாப்பி எல்லாவற்றிலும் அதே எண்ணை ஒட்டிவிடுங்கள். ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் நேர்மாறு. மாற்றிச் சொருகினால் கணினி போய்விடும். எந்த மண்டியில் கணக்குப் பார்த்தது, எந்தப் பள்ளியில் இருந்தது என்பதைக் கொடுத்தவரிடம் அன்றே கேட்டு நோட்டில் எழுதுங்கள். போர்டைப் படமெடுத்து வையுங்கள். ஒரு சிப்பின் மேல் கையால் எழுதிய ஸ்டிக்கர் இருந்தால் அதை உரிக்காதீர்கள். அடியில் சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கலாம். அதன் வழியே வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே எழுதிய நிரல் அழிந்துவிடும்.