தீர்த்தவாரியும் உழவாரப் பணியும்

வழிபாட்டிற்கு உரியனவாக மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றனை நம் முன்னோர் வகுத்தனர். மூர்த்திக்கு அபிடேகம் செய்கின்றோம். தலத்திற்குக் குடமுழுக்கு எடுக்கின்றோம். தீர்த்தத்திற்கு நாம் செய்வது யாது?

வில்லியனூர்ப் பகுதியை வாழ்விக்கும் சங்கராபரணி, செஞ்சி மலைப்பக்கத்தில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து திருக்காஞ்சியை அடைகின்றது. வராக நதி என்றும் இதற்குப் பெயர் உண்டு. இதன் கரையில் கங்கைவராக நதீசுவரர் எழுந்தருளியுள்ளார். காசிக்கு எடுத்துச் சென்ற எலும்பு இத்தலத்தில் மலராயிற்று என்பது தல வரலாறு. ஆதலின் மாசி மகத்தன்று, பெற்றோரை இழந்தவர்கள் எள்ளும் நீரும் இறைக்க இங்கே திரள்கின்றனர்.

அன்று நிகழும் தீர்த்தவாரியின் கருத்தை உணர்தல் வேண்டும். ஆற்றில் முதலில் முழுகுபவர் அத்திரதேவர். இறைவனுக்கு அழுக்கு ஏது, நீராட வேண்டுவது ஏது? தன் தீண்டுதலால் நீரைத் தூயதாக்கி, அதன் பின்னரே நம்மை அதில் ஆடச் செய்கின்றான். மேலும், அட்டமூர்த்தங்களுள் நீரும் ஒன்று. அங்ஙனமாயின் ஆற்றுநீர் சிவபெருமான் திருமேனியே ஆகும். அத்திருமேனியில் நாம் சாற்றுவது எதனை?

சில ஆண்டுகளுக்கு முன் மாசி மகத்திற்கு மறுநாள் அடியேன் நீராட இறங்கியபோது காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் யாரோ கழித்துவிட்ட வேட்டி. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை. திதி கொடுத்தபின் உடுத்த துணியை ஆற்றில் விடவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆசிரியரிடம் யான் பாடங்கேட்ட நூல்களில் அப்படியொரு விதியைக் கண்டிலேன். பிண்டத்தை மீன் உண்ணும். எள்ளைப் பறவை கொள்ளும். நைலான் துணியை எவ்வுயிர் கொள்ளும்? கங்கையைப்போல ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் அன்று இது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருப்பது. மாசியில் ஓட்டம் மெலிந்துவிடும். விட்ட துணி விட்ட துறையிலேயே கிடக்கும்.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் தொடங்கிப் பன்னிரண்டு நாள் இங்கே புஷ்கரணி விழா நடைபெற்றது. ஆற்றுக்கே தீப ஆரத்தி காட்டினார்கள். கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் அவ்வன்பு பதின்மூன்றாம் நாள் எங்கே போயிற்று?

பாகூர்ப் பக்கம் சென்றால் தை ஐந்தாம் நாள் சோரியாங்குப்பத்துத் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. ஊர்த் தெய்வங்கள் கரைக்கு எழுந்தருளும். அவ்வாற்றின் நீரைப் பாகூர் ஏரிக்குக் கொணர்வது பங்காரு வாய்க்கால். பங்காரு, சிங்காரு என்னும் தேவரடியார் சகோதரியர் இருவர் தம் பொருளால் வெட்டுவித்தது என்று மக்கள் இன்றும் கூறுவர். பின்னாளில், 1999 முதல், ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீர்செய்யும் திட்டம் நடந்தது. அதில் ஏரிப் பாசனத்தார் சங்கங்கள் அமைத்துப் பணியில் பங்கு கொண்டனர். அந்தச் சகோதரியர்க்கு அத்தகைய உதவி ஏதும் வரவில்லை என்பதை நினைக்க.

அப்பரடிகள் கையில் ஏந்தியது உழவாரப்படை. இன்றும் நம் உழவாரத் திருக்கூட்டத்தார் பிராகாரத்தில் புல் செதுக்குகின்றனர், மிக நன்று. அவர்கள் மதிலோடு நிற்பானேன்? மாசி மகத்திற்கு மறுநாள் விடியலில் கூடையும் துறட்டியும் கொண்டு திருக்காஞ்சித் துறைக்கு வருக. திதி கொடுக்க வருவோர் துணியை நனைத்துப் பிழிந்து இல்லத்திற்கே எடுத்துச் செல்க. இவ்வாண்டு முதலே செய்யலாம். அடியேனும் ஒரு கூடையோடு படித்துறையில் நிற்பேன்.