ஊறுகாய் ஜாடியில் ஒரு இதய மருந்து!

குஜராத்தி வீட்டு ஊறுகாய் ஜாடியில் விரல் கனத்தில் ஒரு வேர் கிடக்கும். 'கர்மர்' என்பார்கள். மும்பையில் குஜராத்திக் குடும்பத்துக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கும் தமிழர்கள் சிலர் அதை ருசி பார்த்திருக்கலாம். கேரட் ஜாதி என்று நினைத்து!

அது கேரட் அல்ல. துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்த மலைச்செடியின் வேர். ஓமவல்லிக்கு நெருங்கிய சொந்தம். தமிழில் மருந்துக் கூர்க்கன்.

இமயமலை அடிவாரம் முதல் தென்னாட்டு மலைகள் வரை, வறண்ட சரிவுகளில் இது தானாக வளரும். வேர் பிடித்துவிட்டால் பல ஆண்டு தழைக்கும். கதிர் கதிராக ஊதா நிறத்தில் பூக்கும்.

முலுண்டில் நடந்த சோதனை

1970-களில் மும்பை முலுண்டில் இருந்த ஹெக்ஸ்ட் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இந்த வேரின் சத்து ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. இதயத் தசைக்கு வலுவும் கொடுத்தது. அதற்கு 'போர்ஸ்கோலின்' என்று பெயர் வைத்தார்கள்.

அதே நேரத்தில் லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் அதே வேரை ஆராய்ந்து, தான் கண்டதற்கு 'கோலியனால்' என்று பெயரிட்டது. இரண்டும் ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே பிள்ளைக்கு இரண்டு வீட்டில் பெயர் சூட்டிய கதை!

1999-ல் ஜப்பானில், இதிலிருந்து உருவாக்கிய ஊசி மருந்து இதயச் செயலிழப்புக்கு அனுமதி பெற்றது.

இன்று உடல் இளைக்கும் மாத்திரை என்றும் இந்தச் சத்தை விற்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

சேலத்து வயலில்

மலையில் வேரோடு பிடுங்கினால் செடியே போய்விடுகிறது. அதனால் வயலில் பயிரிடத் தொடங்கினார்கள். சேலம், தர்மபுரி பக்கம் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு விவசாயிகள் நட்டார்கள். தண்டை வெட்டி நட்டால் போதும். ஆறு மாதத்தில் கிழங்கு தயார். நறுக்கி, வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டவேண்டும்.

ஆனால் நூற்புழு வேரில் முடிச்சுப் போடும். வாடல் நோயும் சேர்ந்தால் செடி சாய்ந்துவிடும். தண்ணீர் தேங்கும் நிலம் ஆகவே ஆகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இது சந்தையில் கூறு கட்டி விற்கும் கிழங்கல்ல. வாங்குவது சாறு எடுக்கும் கம்பெனிகள்தான். ஊரில் நிலம் வைத்திருந்து, இங்கிருந்து பணம் அனுப்பிப் பயிரிட நினைப்பவர்கள், கிலோவுக்கு என்ன விலை, யார் வந்து எடுப்பது என்பதை நடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.