ஆழ்கடற் பிராணி ஒன்றின் பெயரும் குலமும்



புதிதாகக் கண்டெடுக்கப்பட்ட ஒரு பிராணிக்குப் பெயரிடுவது ஒரு வேலை. அப்பிராணி எந்தக் குலத்தைச் சேர்ந்தது எனத் துணிவது மற்றொரு வேலை. இட்ட பெயர் பெரும்பாலும் நிலைத்துவிடும். ஆனால், குலத்தைப் பற்றிய துணிபு புதிய சான்றுகள் கிடைக்குந்தோறும் மாறக்கூடும். இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை, கடலின் அடித்தளத்தில் வாழும் ஒரு பிராணியின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, தென் பசிபிக் சமுத்திரத்தில், ஈஸ்டர் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் தொலைவில், 'அல்வின்' என்னும் ஆராய்ச்சி நீர்மூழ்கி சுமார் 2,200 மீற்றர் ஆழத்துக்கு இறங்கியது. அங்கே கடலடிப் பாறைகளின் பிளவுகளினூடாக, கனிப்பொருள்கள் கரைந்த வெந்நீர் பூமியின் உள்ளிருந்து பீறிட்டெழுகின்றது. சூரிய ஒளி எட்டாத அவ்விடத்தில், நீர்மூழ்கியின் விளக்கொளி பட்ட பாறை இடுக்குகளிலே, மயிரடர்ந்த நீண்ட கைகளையுடைய வெளிறிய பிராணிகள் சில காணப்பட்டன. அவற்றுள் ஒன்று மட்டுமே பிடித்து மேலே கொண்டுவரப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர்.

இதனை ஆராய்ந்தோர் மக்பேர்சன், ஜோன்ஸ், செகொன்சாக் என்னும் மூவர். இப்பிராணி யாது என்பதே அவர்கள் முன் இருந்த வினா. இத்தகைய வினாவுக்கு விடை காண்போர் பெரிய பிரிவிலிருந்து சிறிய பிரிவை நோக்கிப் படிப்படியாக இறங்குவர். உடலை மூடிய ஓடும், மூட்டுக்களையுடைய கால்களும் இருந்தமையால், இஃது இறாலும் நண்டும் அடங்கிய பெரும் பிரிவைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. கவ்வுங் கைகள் உட்பட ஐந்து சோடிக் கால்கள் இருந்தமையால், அப்பிரிவினுள்ளும் பத்துக் காலிகள் என்னும் வருணத்தினுள் அடங்கும் என்பதும் தெளிவு. அதற்கு அடுத்த படியிலேதான் கூர்ந்து நோக்கவேண்டியிருந்தது.

நாம் உண்ணும் சிங்க இறாலை நினைத்துப் பாருங்கள். அதன் வால் பின்னோக்கி நீண்டு கிடக்கும். நண்டுக்கோ வால் மிகச் சிறியது. அது வயிற்றின் அடியில் இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றமுடைய ஒரு கூட்டம் உண்டு. அதனைச் சேர்ந்தவை வாலை உடலின் கீழே வளைத்து மடித்துக்கொண்டு, குந்தியிருப்பன போலத் தோன்றும். ஆதலால் அவற்றைக் 'குந்து இறால்' என நாம் வழங்கலாம். பெயரில் இறால் என்று இருப்பினும், அவை சிங்க இறாலின் நெருங்கிய உறவினர் அல்ல. வெற்றுச் சங்கினுள் குடிபுகுந்து வாழும் நண்டுகளுக்கே அவை நெருங்கியவை. இவ்வுறவைக் காட்டும் அடையாளங்களுள் ஒன்று ஐந்தாஞ் சோடிக் கால்களாகும். அக்கால்கள் மிகவும் சிறுத்துள்ளன. குந்து இறால்கள் அவற்றைப் பூக்களைச் சுத்தஞ் செய்யும் கருவியாகப் பயன்படுத்துகின்றன. பூக்கள் என்று நாம் கூறுவது நீரிலே சுவாசிக்க உதவும் உறுப்புக்களை. வெளிப்பார்வைக்கு ஒரு சோடிக் கைகளும் மூன்று சோடிக் கால்களுமே தெரியும்.

தென் பசிபிக்கில் அகப்பட்ட பிராணியும் இவ்வமைப்பை உடையதாயிருந்தது. ஆயினும், அதுவரை அறியப்பட்டிருந்த குந்து இறால்களின் குடும்பங்கள் எதனுள்ளும் அது முற்றாகப் பொருந்தவில்லை. அதன் கண்கள் நிறமற்ற சிறு சவ்வாக ஒடுங்கியிருந்தன. ஐந்தாஞ் சோடிக் கால்கள் உடலோடு பொருந்தியிருந்த விதமும் வேறாக இருந்தது. அடர்ந்த மயிரைப் பார்த்த மாத்திரத்திலே புதிய குடும்பம் எனக் கூறிவிட முடியாது. சூழலுக்கேற்ப மயிர் பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றக்கூடும். ஆகவே உறுப்புக்களை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கியதோடு, மரபணுவையும் ஆராய்ந்தனர். இரு வழிச் சான்றுகளும் ஒன்றுபட்டன. அவ்வாண்டின் இறுதியிலே புதிய இனம், அதற்கெனப் புதிய சாதி, அச்சாதிக்கெனப் புதிய குடும்பம் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒருங்கே அறிவித்தனர்.

அதற்கு இடப்பட்ட பெயர் 'கீவா இர்சுற்றா' என்பது. பொலினீசிய மக்களின் புராணக் கதைகளில் ஓடுடைய கடலுயிர்களின் தெய்வமாகக் கூறப்படும் கீவாவின் பெயர் சாதிப் பெயராயிற்று. 'மயிரடர்ந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் இனப் பெயராயிற்று. இவ்வாறு இரு சொற்களாற் பெயரிடும் முறை சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு நிலைநாட்டியது. விலங்குகளின் பெயரீடு அவர் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டது. புதுப் பெயர் எந்த உடலைப் பார்த்து இடப்பட்டதோ அவ்வுடல் மூல மாதிரியாகப் பாதுகாக்கப்படல் வேண்டும். கீவாவின் மூல மாதிரி பாரிஸ் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது. பிற்காலத்தில் எவருக்கேனும் ஐயம் எழுமாயின், அதனை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

இத்துடன் வரலாறு முடிந்துவிடவில்லை. கீவாவின் குடும்பத்தை அவர்கள் 'கலாதியா' எனப்படும் பெருங் குடும்பத்தினுள் வைத்திருந்தனர். குந்து இறால்கள் யாவும் அப்பொழுது அதனுள்ளேதான் அடக்கப்பட்டிருந்தன. ஐந்து ஆண்டுகளின் பின், 2010இல், சினாபல், அகியோங் என்னும் இருவர் இவற்றின் உறவை மீண்டும் ஆராய்ந்து, அவற்றுள் ஒரு பகுதியைப் பிரித்து 'கைரோசுதைலசு' என்னும் வேறொரு பெருங் குடும்பமாக வகுத்தனர். கீவாவும் அதனுள் மாற்றப்பட்டது. தோற்றத்தால் ஒத்திருக்கும் குந்து இறால்கள் யாவும் ஒரே மூதாதையின் தனி வழித்தோன்றல்கள் அல்ல என்பது இதனாற் புலனாயிற்று. இதற்கு மறுதலையான உண்மையும் உண்டு. கற்களின் அடியில் வாழும் பீங்கான் நண்டுகள் பார்வைக்கு நண்டுகளே போன்றவை. ஆனால் குலத்தால் அவை கலாதியாக் கூட்டத்துக் குந்து இறால்களின் உறவினர்.

குலம் மாறியபோதும் கீவா இர்சுற்றா என்ற பெயர் மாறவில்லை. அப்பெயரின் கீழ் அறிவு வளர்ந்தது. கொஸ்ரா றீக்காக் கரைக்கு அப்பால் மீதேன் வாயு கசியும் கடலடியிற் கண்டெடுக்கப்பட்ட இரண்டாவது கீவா இனம் 2011இல் விவரிக்கப்பட்டது. அது தன் கைகளை ஓயாது அசைத்தாடுகின்றது. அவ்வசைவினால், கைமயிர்களிற் படர்ந்துள்ள பற்றீரியாக்களுக்குப் புதிய நீர் கிடைக்கின்றது, அவை வளர்கின்றன. வளர்ந்த பற்றீரியாக்களை அப்பிராணி வாயருகே உள்ள சீப்புப் போன்ற உறுப்பினால் வாரி உண்கின்றது. தன் உடலையே வயலாக்கிப் பயிரிடும் உழவன் என அதனைக் கூறலாம். தென் சமுத்திரத்தில் வாழும் மற்றோர் இனம் 2015இல் விவரிக்கப்பட்டது. அஃது இப்பயிரைப் பெரும்பாலும் மார்பிலே வளர்க்கின்றது.

பெயரிடுவதாலும் வகுப்பதாலும் விளையும் பயன் யாது என நீங்கள் வினவலாம். நம்மைச் சூழ்ந்த இந்து சமுத்திரத்திலிருந்தே விடை கூறலாம். அதன் நடுவே உள்ள வெந்நீர் ஊற்றுக்களில், இரும்புச் சேர்வை படிந்த செதில்களைக் காலில் உடைய ஒரு நத்தை 2001இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முறையான விஞ்ஞானப் பெயர் 2015இலேதான் கிடைத்தது. 2019இல் அஃது அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது. ஆழ்கடலிற் கனிப்பொருள் அகழ்வதால் நேரக்கூடிய ஆபத்தின் காரணமாக அப்பட்டியலிற் சேர்க்கப்பட்ட முதலாவது இனம் அதுவே. செம்பும் பிற உலோகங்களும் படிந்துள்ள இடங்கள் இவ்வுயிர்களின் வீடுகளாக இருக்கின்றன. ஒரு வெந்நீர் ஊற்றைச் சிதைப்பதற்கு முன்னர், அங்கே வாழ்வது எந்த இனம், அது வேறெங்கேனும் உண்டா என்னும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவற்றுக்கு விடை கூறுவோர், நூதனசாலையில் ஒரு மாதிரியின் கால்களை எண்ணியும் மயிர்களை அளந்தும் பார்த்திருக்கும் அறிஞர்களே. அவர்கள் எழுதி வைக்காத உயிரொன்று மறைந்துபோகுமாயின், அது மறைந்ததென்பதையும் நாம் அறியமாட்டோம்.